டிஎன்ஏ எழுத்துகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளின் நீண்ட தொடர். மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தின் டிஎன்ஏவில் 'ஏஏஏ' என்ற மூவெழுத்துத் தொடர் கொட்டிக் கிடக்கிறது. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவிலோ அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உடனே, ஒட்டுண்ணியில் அந்தத் தொடருக்கு ஏதோ தனிப் பணி இருப்பதாக முடிவு கட்டிவிடுகிறோம். இந்த அவசரம்தான் முதல் தவறு.

ஃபால்சிபாரத்தில் ஜி, சி இரண்டும் சேர்ந்தே சுமார் 20 சதவீதம்தான். மீதி 80 சதவீதம் ஏவும் டியும். இவை எப்போதும் ஜோடியாக நிற்பதால் ஏ மட்டும் ஏறக்குறைய 40 சதவீதம். எழுத்துகளைக் குலுக்கிப் போட்டாலும் ஏஏஏ வரும் வாய்ப்பு 0.4 × 0.4 × 0.4, அதாவது 6.4 சதவீதம். ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலரில் ஜி-சி 72 சதவீதம், ஏ 14 சதவீதம். அதே கணக்கு அங்கே 0.3 சதவீதத்தைக்கூடத் தொடாது. எந்தத் தனிப் பணியும் இல்லாமலே இருபது மடங்குக்கு மேல் வேறுபாடு வந்துவிட்டது! கண்ட எண்ணிக்கையை எதிர்பார்த்த எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்த பிறகே பேச வேண்டும்.

வகுத்துப் பார்த்தால் உண்மையான வியப்புகள் வெளிவரும். மனித டிஎன்ஏவில் சி எழுத்துக்கு அடுத்து ஜி வரும் ஜோடி, இதே கணக்குப்படி, 4 சதவீதம் இருக்க வேண்டும். இருப்பதோ 1 சதவீதம் அளவுக்குத்தான். அந்த இடத்துச் சைட்டோசினில், அதாவது சியில், பெரும்பாலும் மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதி ஒட்டியிருக்கிறது. அப்படிப்பட்ட சைட்டோசின் தன் அமீன் தொகுதியை இழந்தால் தைமினாக, அதாவது டியாக, மாறிவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக ஜோடி தேய்கிறது. ஆனால் இதை எல்லா உயிர்களுக்கும் பொது விதியாக்கிவிடாதீர்கள். மெத்திலேற்றம் மிக அரிதான பழ ஈயில் இப்படிப்பட்ட பற்றாக்குறை இல்லை. மனிதரிலேயே பல மரபணுக்களின் தொடக்கத்தில் சிஜி செறிந்த தீவுகள் உண்டு. மொத்தச் சராசரி அவற்றை விழுங்கிவிடும்.

இழைகளையும் மறக்க வேண்டாம். டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் ஏவுக்கு எதிரே டியும் ஜிக்கு எதிரே சியும் நிற்கும்; எதிர் இழையைத் தலைகீழ்த் திசையில் படிக்க வேண்டும். அதனால் ஒரு இழையில் ஏஏஜி என்றிருப்பது எதிர் இழையில் சிடிடி. கோப்பில் எந்த இழை பதிவாகியிருக்கிறது என்பது வெறும் வழக்கம். ஆகவே இரண்டையும் கூட்டியே எண்ணுங்கள்.

ஜி-சிக்கு மூன்று ஹைட்ரஜன் பிணைப்பு, ஏ-டிக்கு இரண்டு. எனவே ஜி-சி எளிதில் பிரியாது, வெப்பத்தில் வாழும் நுண்ணுயிர்களில் அது மிகும் என்பார்கள். நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் 100 டிகிரி செல்சியஸில் செழிக்கும் பைரோகாக்கஸ் ஃப்யூரியோசஸில் அது சுமார் 41 சதவீதம்தான், கிட்டத்தட்ட மனிதரின் அளவு. வெப்பத்தின் தடம் வேண்டுமென்றால், செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஆர்என்ஏவைப் பாருங்கள். நுண்ணுயிர் வாழும் வெப்பம் ஏற ஏற அங்கே ஜி-சியும் ஏறுகிறது.