20 துண்டுச் சக்கரம்: பரிசுத் தொகையை நாமே கணக்குப் போட்டு வைப்போம்

லாஸ் வேகாஸ் கேசினோக்களில் பிக் சிக்ஸ் என்று ஓர் ஆட்டம் உண்டு. ஆளுயரச் சக்கரம், விளிம்பைச் சுற்றி 54 இடங்கள், இடத்துக்கு இடம் நடுவில் ஓர் ஆணி, உச்சியில் ஒரு தோல் பட்டை. சுழற்றிவிட்டால் பட்டை ஆணிகளில் படபடவென்று அடித்துக்கொண்டே வேகம் குறைந்து ஏதோ ஓர் இடத்தில் நிற்கும், நீங்கள் காசு வைத்த எண் அங்கே இருந்தால் பரிசு. விதி அவ்வளவுதான்.

அதே மாதிரி ஒரு சின்னச் சக்கரத்தை அட்டையில் செய்து, எந்த நிறத்துக்கு எவ்வளவு பரிசு என்பதையும் நாமே முடிவு செய்யப் போகிறோம். பின்னமும் பெருக்கலும் தெரிந்தால் போதும். காசு வேண்டாம், புளியங்கொட்டை வைத்து ஆடுவோம். இதில் நான் காட்ட விரும்புவது கணக்கை மட்டும்தான்.

முதலில் அந்தப் பெரிய சக்கரத்தையே கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடுவோம். வழக்கமான அமைப்பில் 24 இடங்களில் 1 டாலர் என்றும், 2 இடங்களில் மட்டும் 20 டாலர் என்றும் இருக்கும் (மீதி இடங்களில் 2, 5, 10 டாலர்கள், அப்புறம் இரண்டு சிறப்புச் சின்னங்கள்). 20 என்ற எண்ணில் ஒரு டாலர் வைத்து, அது விழுந்தால் 20 டாலர் பரிசு, வைத்த டாலரும் திரும்பி வரும். கேட்கும்போது தாராளமாகத்தான் தெரிகிறது.

இப்போது ஒரு கற்பனை. சக்கரத்தை 54 தடவை சுற்றுகிறோம், ஒவ்வோர் இடமும் சரியாக ஒரு தடவை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 என்ற எண்ணில் வைத்தவருக்கு 2 தடவை பரிசு, அதாவது 40 டாலர் வரவு. மீதி 52 தடவையும் ஒவ்வொரு டாலர் போகும். 40 வரவு, 52 செலவு, 12 டாலர் நட்டம். 12ஐ 54ஆல் வகுத்தால் வைத்த ஒவ்வொரு டாலருக்கும் சராசரியாக 22 சென்ட் போகிறது. 1 என்ற எண்ணில் வைத்தவருக்கு 24 வரவு, 30 செலவு, 6 நட்டம், டாலருக்கு 11 சென்ட். ஒரே ஒரு பூஜ்ஜியம் உள்ள 37 இட ரூலட் (சுழலும் சக்கரத்தில் சின்னக் குண்டை உருட்டிவிடும் கேசினோ ஆட்டம்) சக்கரத்தில் ஓர் எண்ணுக்கு 35 பரிசு, 36 தடவை தோல்வி, ஆக 37க்கு 1தான் நட்டம், 2.7 சதவீதம். மூன்றும் சக்கரம் சம்பந்தப்பட்ட பந்தயம்தான், விலை மட்டும் எவ்வளவு வேறுபடுகிறது பாருங்கள்.

இந்த "ஒரு முழு வட்டக் கணக்கு" இருக்கிறதே, இதன் பெயர்தான் எதிர்பார்ப்பு மதிப்பு. 1654இல் கணித மேதைகள் பாஸ்கலும் ஃபெர்மாவும் பாதியில் நின்றுபோன ஆட்டத்தில் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கடிதங்களில் விவாதித்தார்கள், மூன்று வருடம் கழித்து ஹைகன்ஸ் அதை முறையாக எழுதினார். புத்தகத்தில் சூத்திரமாகப் பார்த்து மிரண்டுபோனவர்கள்கூட முழு வட்டம் என்று சொன்னால் இரண்டே நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள், அதனால் நான் எப்போதும் இங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.

சக்கரத்தைப் பிரிப்பது

கெட்டி அட்டையில் வட்டம் வரையுங்கள். 20 துண்டுகள், ஒவ்வொன்றும் 18 பாகை, பாகைமானி வைத்து நிதானமாகக் குறியுங்கள். மஞ்சள் 9, பச்சை 6, நீலம் 4, சிவப்பு 1. நிகழ்தகவு சதவீதத்தில் 45, 30, 20, 5. கூட்டினால் 100 வர வேண்டும், வராவிட்டால் எங்கோ ஒரு துண்டை விட்டிருக்கிறீர்கள்.

துண்டுகளுக்கு 1 முதல் 20 வரை எண் கொடுத்து, ஒற்றைப்படை இடங்களில் ஒன்பது மஞ்சளும் ஒரு சிவப்பும், இரட்டைப்படை இடங்களில் பச்சையும் நீலமும் கலந்து வையுங்கள். ஒரே நிறம் பக்கத்துப் பக்கத்தில் வராது. சமநிலையான சக்கரத்தில் வரிசை எப்படி இருந்தாலும் நிகழ்தகவு மாறாது, ஆனால் கையால் செய்த அட்டை ஒரு பக்கம் லேசாகக் கனத்திருக்கும், நிறங்கள் பரவி இருந்தால் அந்தக் கோளாறு ஒரே நிறத்தின் தலையில் விழாது. நடுவில் பழைய பொம்மையிலிருந்து எடுத்த பால் பேரிங் ஒன்றைப் பொருத்தினால் நன்றாகச் சுற்றும்.

பரிசு வைப்பது

இங்கேதான் நான் ஒரு தடவை நன்றாகச் சறுக்கினேன். நீலம் 20க்கு 4, அதாவது ஐந்தில் ஒன்று, அப்படியானால் ஐந்து மடங்கு பரிசு கொடுத்தால் சரியாக இருக்கும் என்று மனக்கணக்காக எழுதிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நீலத்தை விட்டு நகரவே இல்லை, சாயங்காலத்துக்குள் என்னிடம் இருந்த 200 கொட்டைகளும் தீர்ந்துபோயின. அப்புறம் உட்கார்ந்து முழு வட்டக் கணக்குப் போட்டேன்: 4 தடவை வென்றால் 4 × 5 = 20 வரவு, 16 தோல்விக்கு 16 செலவு, ஒவ்வொரு வட்டத்துக்கும் ஆடுபவருக்கு 4 கொட்டை லாபம். வைத்த கொட்டையும் திரும்பிப் போகிறது என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஐந்தில் ஒரு வாய்ப்புக்கு நியாயமான பரிசு 4தான், ஐந்தாவது கொட்டை அவருடைய சொந்தக் கொட்டை. தொடங்குபவர்கள் அதிகமாகத் தவறுகிற இடம் இது, அதனால் "வைத்தது திரும்ப வரும், பரிசு அதற்கு மேல்" என்று சக்கரத்தின் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

சரி, யாருக்கும் லாபமோ நட்டமோ இல்லாத பரிசு எவ்வளவு? தோற்கிற துண்டுகளை வெல்கிற துண்டுகளால் வகுக்க வேண்டும். மஞ்சளுக்கு 11 ÷ 9, சுமார் 1.22. பச்சைக்கு 14 ÷ 6, சுமார் 2.33. நீலத்துக்கு 16 ÷ 4, சரியாக 4. சிவப்புக்கு 19. இவற்றுக்குக் கொஞ்சம் கீழே எவ்வளவு குறைக்கிறோமோ அதுதான் சக்கரக்காரரின் பங்கு. துண்டுகள் தற்செயலாக விழுகின்றன, பங்கு தற்செயலாக வருவதில்லை, அதை நாம் முன்கூட்டியே வெட்டி வைக்கிறோம்.

நம் பங்கு 10 சதவீதம் என்று வைப்போம், அதாவது ஒரு வட்டத்துக்கு 2 கொட்டை. மஞ்சளுக்கு 1 கொடுத்தால் 9 வரவு, 11 செலவு, நட்டம் 2. பொருந்துகிறது. பச்சைக்கு 2 கொடுத்தால் 12 வரவு, 14 செலவு, அதுவும் 2. சிவப்புக்கு 17 கொடுத்தால் 17க்கு 19. நீலம்தான் அடம்பிடிக்கும்: 4 கொடுத்தால் நமக்கு ஒன்றுமில்லை, 3 கொடுத்தால் 12க்கு 16, பங்கு 20 சதவீதத்துக்குப் போய்விடும். கொட்டையைப் பாதியாக உடைக்க முடியாது, ஆகவே நீலத்தில் இரண்டிரண்டாகத்தான் வைக்க வேண்டும், வென்றால் 7 என்று விதி போட்டேன். 4 × 7 = 28 வரவு, 16 × 2 = 32 செலவு, வைத்த 40 கொட்டைக்கு 4 நட்டம், அதே 10 சதவீதம்.

சூத்திரமாக எழுதிப் பார்க்க ஆசைப்பட்டால், மஞ்சளுக்கு 0.45 × 1 − 0.55 × 1 = −0.10. வேறொன்றும் இல்லை.

சோதித்துப் பார்ப்பது

200 தடவை சுற்றி எழுதுங்கள், கை வலிக்கும், ஆனாலும் விடாதீர்கள். மஞ்சள் சுமார் 90 தடவை வர வேண்டும். 76 முதல் 104 வரை வந்தால் கவலை இல்லை. சிவப்பு 10 தடவை எதிர்பார்க்கலாம், 4 முதல் 16 வரை இயல்பு. இதைத் தாண்டிப் போனால் இன்னொரு 200 சுற்றுங்கள், மறுபடியும் அப்படியே என்றால் சக்கரம் ஒரு பக்கம் கனத்திருக்கிறது, எதிர்ப்பக்கத்தின் பின்னால் கொஞ்சம் களிமண் ஒட்டுங்கள்.

ஆட்டக் கணக்கைச் சோதிக்க எக்செல் போதும், ரேண்ட்பிட்வீன் (RANDBETWEEN) ஃபார்முலாவில் 1 முதல் 20 வரை எண் வரவழைத்து, 9 வரை வந்தால் மஞ்சள் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே ஒன்றை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். மஞ்சளில் தொடர்ந்து 100 சுற்று ஆடிய 100 பேரில் சுமார் 13 பேர் லாபத்தோடு எழுந்திருப்பார்கள், அந்த 13 பேரும் தங்களுக்கு ஏதோ வழி பிடிபட்டுவிட்டதாக நினைப்பார்கள். 1,000 சுற்று என்று ஆக்குங்கள், ஆயிரம் பேரில் ஒருவர் மிஞ்சினாலே அதிகம். அதே 10 சதவீதம்தான், சுற்றுகள் கூடக் கூட அது மட்டும் தப்பாமல் வந்து சேர்கிறது.

சிவப்பு வேறு மாதிரி. 20 சுற்றில் ஒரு தடவைகூட வராமல் போக 36 சதவீத வாய்ப்பு இருக்கிறது, இரண்டு தடவையோ அதற்கு மேலோ வர 26 சதவீதம். சராசரி நம் பக்கம் இருந்தாலும், ஒருவர் சிவப்பில் 5 கொட்டை வைத்து அது விழுந்துவிட்டால் 85 கொடுக்க வேண்டும், அடுத்தடுத்து இரண்டு தடவை விழுந்தால் 170. 200 கொட்டையோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது பெரிய அடி. கேசினோ மேசைகளில் அதிகபட்சப் பந்தயம் என்று எழுதி வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

என் சக்கரத்தின் பக்கத்தில் இப்போது ஒட்டியிருக்கும் தாள் இது: மஞ்சள் 1, பச்சை 2, நீலத்தில் 2 வைத்தால் 7, சிவப்பு 17, சிவப்பில் அதிகபட்சம் 2 கொட்டை. அதற்குக் கீழே, ஆடுபவர் கண்ணில் படுகிற பெரிய எழுத்தில், "எந்த நிறத்தில் வைத்தாலும் 10 கொட்டைக்கு 1 கொட்டை சக்கரத்துக்கு."