நாகைக் கடற்கரைக்கு விடுமுறையா? முதலில் எந்தக் காலண்டரைப் பார்க்கிறீர்கள்?

காவிரிப் படுகையின் கடற்கரைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பார்ப்பது ஒரே காலண்டரைத்தான்: பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக் காலண்டர். பூம்புகாரிலிருந்து கோடியக்கரை வரையுள்ள இந்தக் கரையோ மேட்டூர் அணைத் திறப்பு, மீன்பிடித் தடைக்காலம், வடகிழக்குப் பருவமழை, அமாவாசை, வேளாங்கண்ணிக் கொடியேற்றம், நாகூர் தர்காவின் கந்தூரி விழா என்று வேறு கணக்கில் நடக்கிறது. அதில் ஒன்றையும் விசாரிக்காமல் மே மாதம் நாகப்பட்டினத்தில் அறை எடுத்துவிட்டு, “படத்தில் பார்த்த பச்சை எங்கே?” என்று கேட்டால் ஊர்க்காரர்கள் என்ன பதில் சொல்வார்கள்?

மே மாதம் வருவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடை முடிந்துவிடும். அந்த ஈரத்திலேயே விதைத்த உளுந்தும் பயறும் சித்திரைக்குள் வீட்டுக்கு வந்துவிடும். பிறகு வயல் வெறும் கட்டாந்தரை. ஆறுகளில் மணலும் காட்டாமணக்குப் புதரும்தான் இருக்கும். அக்னி நட்சத்திர வெயிலோடு உப்புக்காற்றின் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். காலை ஒன்பது மணிக்கு மேல் மணலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது.

இதில் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. கடற்கரைக்குப் போனால் வாய்க்கு ருசியாக மீன் சாப்பிடலாம் என்று நினைத்து வருவார்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்தச் சமயத்தில் நாகை அக்கரைப்பேட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள். படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வரிசையாகக் கட்டிக்கிடக்கும். சிலவற்றைக் கரையேற்றி, அடிப்பலகையைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். வலையின் ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி ஒருவர் கிழிசலைக் கோத்துக்கொண்டிருப்பார். ஏலக் கூச்சல் இருக்காது. பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் தட்டில் விழாது. நாட்டுப்படகும் ஃபைபர் படகும் கரையோரமாகப் போய்க் கொண்டுவரும் மீன் கொஞ்சம் கிடைக்கும்; வஞ்சிரமும் வாவலும் விலை ஏறிப்போயிருக்கும். கேரளக் கரையில் தடை ஜூன் மாதத்தில்தான் தொடங்கும் என்பதால், அதுவரை அங்கிருந்து ஐஸில் வரும் மீனை இந்தப் பக்கத்து ஓட்டல்களில் பரிமாறுவதும் உண்டு. நாகப்பட்டினத்தில் உட்கார்ந்து கொச்சி மீன் சாப்பிட இத்தனை தூரம் வர வேண்டுமா? மீனுக்காகவே வருகிறவர்கள் தடை முடிந்து படகுகள் திரும்பத் தொடங்கிய பிறகு வாருங்கள்.

சரி, மழைக்காலத்தில் வரலாமா? வயல் அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை இந்தக் கரை புயலின் வழி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த மாதங்களில்தான் வருவேன் என்றால், ரத்துசெய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் விதத்தில் அறை எடுங்கள். வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விட்ட பிறகும் “கட்டிய பணம் போய்விடுமே” என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

என் கணக்கில் நல்ல காலம் பொங்கல் முடிந்து மாசி வரை. மழை ஓய்ந்திருக்கும், காலையில் பனி இருக்கும், கதிர் முற்றி வயல் மஞ்சளுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். ஒரே எச்சரிக்கை: அறுவடைக் காலத்தில் கிராமத்துச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும். ஓரத்தில் கல்லோ மரக்கட்டையோ வைத்திருப்பார்கள். இரவில் வேகமாகக் காரை ஓட்டி அதில் ஏற்றிவிட்டு நெல்லுக்காரரோடு சண்டைக்கு நிற்காதீர்கள்; ஈரப்பதம் குறையாத நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள், அவருக்கு வேறு களம் கிடைக்கவில்லை.

பூம்புகாருக்கு வருகிறவர்கள் மனத்தில் ஒரு பெரிய ஆறு ஓடிக்கொண்டிருக்கும். காவிரி கடலில் கலக்கும் இடம் என்றால் சும்மாவா! வந்து பார்த்தால் வாய்க்கால் போல ஒன்று, அதுவும் பல மாதங்கள் மணல் மூடி. முக்கொம்பில் பிரியும் கொள்ளிடம்தான் வெள்ளத்தைச் சுமந்து பழையாறு பக்கம் கடலுக்குக் கொண்டுபோகிறது. காவிரியோ வழியெல்லாம் கிளை கிளையாகப் பிரிந்து வயலுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடுதான் இங்கே வந்து சேர்கிறது. மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அணையில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் அது தள்ளிப்போகும். திறந்த தண்ணீர் மேலையூர் கடையணையைத் தாண்டிக் கடலைப் பார்க்க மேலும் பல நாள் ஆகும். ஆகவே ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றால் ஆடிக்குப் பிறகு வாருங்கள். ஆனால் ஆடி அமாவாசையன்றும் ஆடிப்பெருக்கன்றும் வந்தால் ஆற்றைவிடத் தலைகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். 1973இல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடத்தோடு திரும்பிவிடாமல், பல்லவனேச்சுரத்தில் அகழ்ந்தெடுத்த புத்த விகாரையின் செங்கல் அடித்தளத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள். பழைய பட்டினத்தில் கண்ணால் பார்க்க மிஞ்சியது மிகக் கொஞ்சம். அதில் இது ஒன்று.

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடும் திட்டம் அடுத்த தவறு. பூம்புகார், திருக்கடையூர், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகை, வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரை என்று வரைபடத்தில் ஒரு கோட்டில் இருப்பதால் சுலபமாகத் தெரிகிறது. தூரம் நூறு கிலோமீட்டருக்கு மேல். நடுவில் கோவில்கள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணி ஆகும். காலையில் வைத்தீஸ்வரன் கோவிலில் தாமதித்துவிட்டு, திருவெண்காட்டு வாசலில் பூட்டிய கதவுக்கு முன்னால் மோர் குடித்துக்கொண்டு நிற்கும் குடும்பங்கள் ஏராளம். கோவில்களைக் காலைக்கும் மாலைக்கும் வைத்துக்கொண்டு, நண்பகலைத் தரங்கம்பாடிக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்குங்கள். வடக்குப் பாதிக்கு மயிலாடுதுறை, தெற்குப் பாதிக்கு நாகை என்று இரண்டு இடத்தில் தங்கினால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

தரங்கம்பாடிக்கு அரை மணி நேரம் போதும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனியர்கள் 1620இல் கோட்டை கட்டிய ஊர். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும் வரை அவர்கள் கையில் இருந்தது. 1706இல் வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு இங்கேதான் தமிழில் புத்தகம் அச்சடித்தார். கோட்டையின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்கள், கொஞ்ச தூரத்தில் கடல் தின்றது போக மீந்து நிற்கும் மாசிலாமணிநாதர் கோவிலைக்கூடப் பார்ப்பதில்லை. 1306இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது அது. முன்பகுதி முழுக்க அலைக்குப் போய்விட்டது. கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இங்கே ஓசோன் காற்று உடம்புக்கு நல்லது என்று சொல்வதை நம்ப வேண்டாம். ஓசோன் நுரையீரலுக்கு ஆகாது. இங்கே நன்றாக இருப்பது வெறும் கடற்காற்று.

கூட்ட நாள்களை விசாரிக்காமல் வருவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அதற்கு முந்தைய வாரம் தொட்டே கிழக்குக் கடற்கரைச் சாலையில் காவி உடுத்திய பாதயாத்திரைக் கூட்டம் இரவிலும் நடந்துகொண்டிருக்கும், நிதானமாக ஓட்டுங்கள். நாகூர்க் கந்தூரி பிறைக் கணக்கு என்பதால் ஆண்டுதோறும் சுமார் பதினோரு நாள் முன்னால் நகரும். போன வருஷத் தேதியை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். திருநள்ளாற்றுக்குச் சனிக்கிழமையையும், அறுபதாம், எண்பதாம் கல்யாணக் குடும்பங்கள் விடுதிகளை நிரப்பிவிடும் திருக்கடையூருக்கு முகூர்த்த நாள்களையும் தவிர்த்துவிடலாம்.

கோடியக்கரைக்குப் பூநாரை பார்க்கப் போகிறவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போக வேண்டும். வெளிமான் எந்த மாதமும் உண்டு, ஆனால் உச்சி வெயிலில் அதுவும் நிழல் தேடிப் போய்விடும். காலையிலேயே போய்விடுங்கள். சாப்பாட்டையும் தண்ணீரையும் வேதாரண்யத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். போகிற வழியில் உப்பளங்கள் வரும். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர் வேதாரண்யம்.

இந்தக் கரையில் சூரியன் கடலில் உதிக்கும், வயல் பக்கம் மறையும். கடலில் அஸ்தமனம் பார்க்க ஆசைப்பட்டு மாலையில் வந்து நிற்பதைவிட, ஐந்தரைக்கு எழுந்து வாருங்கள். கடலில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூம்புகார் முகத்துவாரத்தில் ஆறும் கடலும் முட்டும் இடத்தில் நீரோட்டம் திசை மாறி இழுக்கும். தரங்கம்பாடியில் அலைதடுப்புக் கற்கள் பாசி பிடித்து வழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது. விலை குறைவு என்று நாலு பாட்டில் வாங்கி டிக்கியில் வைத்துக்கொண்டு நாகைப் பக்கமோ தரங்கம்பாடிப் பக்கமோ எல்லையைத் தாண்டினால் மதுவிலக்குப் போலீஸ் சோதனையில் மாட்டுவீர்கள். வழக்கு வரும், காரும் போகலாம். குடும்பத்தோடு வருகிறவர்கள் அங்கே வாங்க வேண்டியதே வேறு: மாலையில் சுடச்சுட இறால் வைத்துப் பொரிக்கும் வாடா. நாகூரிலும் கிடைக்கும்.