உங்கள் தெருப் பிரச்சினையைப் பேரவைக் கேள்வியாக்குவது எப்படி: புதுச்சேரிக்காரர்களுக்கு

எங்கள் நகர் முனையில் குடிநீர்த் தொட்டி ஒன்று மூன்று வருடம் பாதியில் நின்றது. நாலு தூண் எழும்பியிருந்தது, மேலே கம்பி துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தது, அதில் யாரோ தேர்தல் நேரத்தில் கட்டிய கொடி கிழிந்து தொங்கியது. மனு மேல் மனு கொடுத்து அலுத்துப்போய், கடைசியில் ஒரு எம்.எல்.ஏ.வைப் பிடித்துச் சட்டப்பேரவையில் கேட்க வைத்தோம். அவரும் மறக்காமல் கேட்டார். "பணியை விரைந்து முடிக்க நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று பதில் வந்தது. அவ்வளவுதான். தப்பு அமைச்சர் மீது இல்லை, எங்கள் மீதுதான். நாங்கள் எழுதிக் கொடுத்த கேள்வியே "தொட்டிப் பணியை அரசு விரைந்து முடிக்குமா?" என்பதுதான். முடிப்பீர்களா என்று கேட்டால் முடிப்போம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்கள்?

அடுத்த கூட்டத்தொடரில் அதே விஷயத்தை வேறு மாதிரி எழுதிக் கொடுத்தோம், பதில் ஒன்றரைப் பக்கம் வந்தது. இடையில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் போய்ப் பேரவையில் கேள்வியா என்று வெளியூர் நண்பர்கள் சிரிப்பார்கள். கடலூர்க்காரருக்கு மாநகராட்சியில் ஒரு கவுன்சிலர் இருக்கிறார், கோபம் வந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். நமக்கு யார் இருக்கிறார்கள்? உள்ளாட்சித் தேர்தல் 2006-ல் நடந்தது, அதுவும் 1968-க்குப் பிறகு. அப்போது ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் தேதி அறிவித்து அதுவும் நின்றுபோனது. அதனால் பாலம் முதல் பல்பு வரை எல்லாமே எம்.எல்.ஏ. தலையில். இதற்கு ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது. டெல்லிப் பேரவைக்குப் போலீஸ், நிலம், சட்டம் ஒழுங்கு மூன்றிலும் அதிகாரம் கிடையாது. நம் பேரவைக்கு அந்தத் தடை இல்லை, மாநிலப் பட்டியலில் இருக்கும் எதைப் பற்றியும் சட்டம் போடலாம். சட்டம் போடக்கூடிய விஷயம் என்றால் கேள்வியும் கேட்கலாம்.

சரி, யாரிடம் போவது? உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. அமைச்சராக இருந்தால் அவர் கேள்வி கேட்க மாட்டார், பதில் சொல்கிற இடத்தில் இருக்கிறார். சபாநாயகராக இருந்தாலும் அதே கதை. கணக்குப் போட்டுப் பாருங்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 30 பேர் (புதுச்சேரி 23, காரைக்கால் 5, மாகே 1, ஏனாம் 1), மத்திய அரசு நியமிப்பவர்கள் 3 பேர். இதில் முதல்வரோடு சேர்த்து 6 அமைச்சர்களையும் சபாநாயகரையும் கழித்தால் மிச்சம் 26. எதிர்க்கட்சிக்காரர்தான் கேட்பார் என்று நினைக்காதீர்கள். ஆளுங்கட்சி உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளுக்குச் சில சமயம் இன்னும் நல்ல பதில் வரும், ஏனென்றால் அதிகாரிகளுக்கு அவர் நாளைக்கு வாரியத் தலைவராக வந்து உட்காரலாம் என்ற பயம் உண்டு. நியமன உறுப்பினர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு ஓட்டுரிமை உண்டா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 டிசம்பரில் உண்டு என்று தீர்ப்பானது. தொகுதி இல்லாதவர் என்பதால் உங்கள் தொகுதிக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்ற சங்கடமும் கிடையாது.

போகும்போது நாலு பேராகப் போங்கள், நாற்பது பேராகப் போகாதீர்கள். சால்வை வேண்டாம். ஒரே ஒரு தாள் போதும், கேள்வி தட்டச்சு செய்யப்பட்டு, கீழே ஒரு போன் நம்பர். எம்.எல்.ஏ.வை விட அவருடைய பி.ஏ.தான் முக்கியம், கேள்விகளைப் பேரவைச் செயலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது பெரும்பாலும் அவர்தான். கூட்டத்தொடர் தேதி செய்தியில் வந்த அன்றே அவருக்குப் போன் போட்டு, கேள்வி கொடுக்கக் கடைசி நாள் என்றைக்கு என்று கேளுங்கள். நம் பேரவை அதிக நாள் கூடுவதில்லை. இரண்டு கூட்டத்துக்கு நடுவே 6 மாதம் தாண்டக் கூடாது என்பதற்காகவே கூடி, அரை நாளில் முடிந்துவிடுவதும் உண்டு. 2020 ஜூலையில் ஓர் உறுப்பினருக்குக் கொரோனா என்று தெரிந்ததும் வளாகத்திலிருந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பட்ஜெட்டை நிறைவேற்றினார்கள். அப்படிப்பட்ட நாளை நம்பிக் கேள்வி வைத்திருந்தால் கோவிந்தாதான். பட்ஜெட் கூட்டத்தொடர்தான் நமக்குத் தோதானது, நாள் அதிகம், துறை துறையாக விவாதமும் நடக்கும்.

கேள்வியில் இரண்டு வகை. நட்சத்திரக் குறியிட்டது என்றால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், அதன் மேல் துணைக்கேள்வி கேட்கலாம். குறியிடாதது என்றால் எழுத்தில் பதில் வரும், துணைக்கேள்வி கிடையாது. எல்லோரும் நட்சத்திரத்துக்கே ஆசைப்படுகிறார்கள், டிவியில் வரும் என்று. என்னைக் கேட்டால், உங்களுக்கு வேண்டியது பட்டியலும் புள்ளிவிவரமும் என்றால் குறியிடாத கேள்வியே மேல். கேள்வி நேரம் போதாமல் கடைசிக் கேள்விகள் அடிபடும் ஆபத்தும் இல்லை, வருகிற பதில் கையில் தாளாகவே இருக்கும்.

இனி எழுதுவது. இதில்தான் எல்லாம் இருக்கிறது, இதற்கு ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள்.

"அரசு அறியுமா", "ஆவன செய்யுமா", "முன்வருமா" என்று முடியும் எந்தக் கேள்வியையும் அடித்துவிடுங்கள். முதலாவதற்கு "ஆம்" என்றும், மற்ற இரண்டுக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்றும் பதில் வரும். இன்னொரு பொறி, "ஆம் எனில்" என்று அடுத்த பிரிவைத் தொடங்குவது. முதல் பிரிவுக்கு "இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மிச்சம் எல்லாவற்றுக்கும் "இக்கேள்வி எழவில்லை" என்று போட்டுக் கதையை முடித்துவிடலாம். ஒவ்வொரு பிரிவும் தன் காலில் நிற்க வேண்டும். எங்கள் இரண்டாவது கேள்வி ஏறக்குறைய இப்படி இருந்தது:

(அ) இன்ன நகரில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கட்டும் பணிக்கு வேலை உத்தரவு வழங்கப்பட்ட நாள், ஒப்பந்தத் தொகை, பணி முடித்திருக்க வேண்டிய நாள் எவை?
(ஆ) இதுவரை ஒப்பந்ததாரருக்கு எந்தெந்த நாளில் எவ்வளவு பணம் பட்டுவாடா ஆனது?
(இ) பணி நின்ற நாள் எது, ஒப்பந்ததாரருக்கு அனுப்பிய நோட்டீஸ்களின் நாள்கள் எவை?
(ஈ) மீதிப் பணிக்கான திருத்திய மதிப்பீடு இப்போது எந்த அதிகாரியிடம், எந்த நாளிலிருந்து இருக்கிறது?

பாருங்கள், இதில் 'ஏன்' என்ற சொல்லே இல்லை. ஏன் என்று கேட்டால் மழை, கொரோனா, மணல் தட்டுப்பாடு என்று காரணம் சொல்வார்கள். நாளும் தொகையும் கேட்டால், காரணத்தை நாமே படித்துக்கொள்ளலாம். நோட்டீஸ் ஒன்றே ஒன்றுதான் போயிருக்கிறது, அதுவும் முதல் கேள்வி பேரவையில் வந்த பிறகு போயிருக்கிறது என்பது (இ)-க்கு வந்த பதிலில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

விதிப்படி தள்ளுபடி ஆகாமல் பார்த்துக்கொள்வதும் நம் வேலை. கேள்வியில் குற்றச்சாட்டு, வாதம், கிண்டல், "நடந்தால் என்ன செய்வீர்கள்" என்ற ஊகம் எதுவும் இருக்கக் கூடாது. நாடாளுமன்றத்தில் 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்று விதி, அதை இங்கேயும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரம் கூடாது. குடியிருப்போர் சங்கங்கள் அவசரப்பட்டு உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டு அப்புறம் கேள்விக்கு அலைவதைப் பார்த்திருக்கிறேன், அந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

கொள்கை பற்றிய கேள்வி என்றால் பகுதி வாரியாகக் கேளுங்கள். நம்முடையது ஒட்டுப்போட்ட பிரதேசம், ஏனாம் ஆந்திராவுக்குள்ளும் மாகே கேரளத்துக்குள்ளும் இருக்கின்றன. மொத்த எண்ணிக்கையைச் சொல்லி ஓட்டையை மறைப்பது சுலபம். நான்கு பிராந்தியமாக, 5 நகராட்சி, 10 கொம்யூன் பஞ்சாயத்து என்று பிரித்துக் கேட்டால் பாகூரில் எவ்வளவு, நெடுங்காட்டில் எவ்வளவு என்று வெளியே வந்துவிடும்.

கேள்வி நம் அரசின் பொறுப்பில் இருப்பதாகவும் இருக்க வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையைத் திறந்ததில் பாகூர்ப் பக்கம் கிராமங்கள் மூழ்கின. "அணையை ஏன் திறந்தார்கள்" என்று இங்கே கேட்டால் அது தமிழ்நாடு என்று ஒரே வரியில் முடியும். அதையே, வெள்ள எச்சரிக்கை நமக்கு எத்தனை மணிக்கு வந்தது, எந்தெந்தக் கிராமத்துக்கு எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்தது ராஜ்நிவாஸ், அதாவது துணைநிலை ஆளுநர் மாளிகை விவகாரம். மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இது புரியாது. "நாங்கள் கோப்பு அனுப்பிவிட்டோம், அங்கே இருக்கிறது" என்று பாரதி பூங்காவுக்கு அந்தப் பக்கம் கை காட்டும் பதிலை நாம் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! 2019 பிப்ரவரியில் முதல்வரே கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணாவில் உட்கார்ந்த ஊர் இது. இலவச அரிசியா, அதற்குப் பதில் பணமா என்ற சண்டை டெல்லி வரை போய், பணம் என்று முடிந்து, ரேஷன் கடைகள் வருடக்கணக்கில் பூட்டிக்கிடந்து, 2024 அக்டோபரில் தீபாவளிக்கு முன்னால்தான் திறந்தன. இப்படிப்பட்ட விஷயத்தில் "துணைநிலை ஆளுநர் ஏன் கையெழுத்துப் போடவில்லை" என்று எழுதாதீர்கள். அவர் தன் விருப்புரிமையில் செய்வதைப் பற்றிக் கேள்வி கேட்பதைத் தடுக்கும் விதிகளுக்கு 1963-ம் வருட யூனியன் பிரதேச அரசுகள் சட்டமே இடம் கொடுக்கிறது, கேள்வி வாசலிலேயே நின்றுவிடும். துறையைக் கேளுங்கள்: கோப்பு துறையிலிருந்து எந்த நாளில் அனுப்பப்பட்டது, திரும்பி வந்ததா, வந்திருந்தால் என்ன விளக்கம் கேட்கப்பட்டது, அதற்கு எந்த நாளில் பதில் போனது? கோப்பு நிஜமாகவே அங்கே இருக்கிறதா, இல்லை தலைமைச் செயலகத்திலேயே ஏதாவது ஒரு அலமாரியில் தூங்குகிறதா என்பது தேதியைக் கேட்டால்தான் தெரியும்.

துணைக்கேள்விக்கு எம்.எல்.ஏ.வைத் தயார் செய்வதும் நம் கையில்தான். அவர் இருபது விஷயத்தோடு உள்ளே போகிறார், உங்கள் தொட்டி அவர் மனதில் எங்கே இருக்கும்? முந்தின நாள் ராத்திரி அரைப் பக்கம் எழுதி வாட்ஸப்பில் அனுப்புங்கள். அமைச்சர் இப்படிச் சொன்னால் இதைக் கேளுங்கள், அப்படிச் சொன்னால் அதைக் கேளுங்கள் என்று இரண்டே வரி. முடிந்தால் முன்கூட்டியே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டு (கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும்) துறை உங்களுக்குச் சொன்னதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அமைச்சர் பேரவையில் வேறு கணக்குச் சொன்னால் அந்தத் தாளை எடுத்துக் காட்டுவதை விடப் பெரிய துணைக்கேள்வி கிடையாது. மேல்முறையீடு என்று ஆகிவிட்டால் இரண்டாவது கட்டத்தில் டெல்லியில் இருக்கும் மத்தியத் தகவல் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும், நமக்கென்று தனி ஆணையம் இல்லை, அதற்குள் கூட்டத்தொடர் இரண்டு முடிந்துவிடும். ஆகவே சீக்கிரம் போடுங்கள்.

கேள்வி எடுபடாவிட்டால் வேறு வழிகள் உண்டு. நேற்று நடந்த விஷயம் என்றால் பூஜ்ய நேரம் (அவசர விஷயத்தை உறுப்பினர் எழுப்பும் நேரம்), பெரிய விஷயம் என்றால் கவன ஈர்ப்பு (அமைச்சரின் கவனத்தை இழுத்து விளக்கம் கேட்பது), பட்ஜெட் சமயத்தில் அந்தத் துறையின் மானியக் கோரிக்கையில், அதாவது துறை கேட்கும் பணத்தில், கொஞ்சம் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம். வெட்டுத் தீர்மானம் ஜெயிக்காது, ஆனால் அதன் பெயரைச் சொல்லி அந்தத் துறையை ஐந்து நிமிடம் நன்றாகப் பிடிக்கலாம். மத்திய அரசுத் திட்டமாக இருந்தால் எம்.பி.யிடம் போங்கள். நமக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர். மக்களவைக்கு 15 நாள் முன்பே கேள்வி கொடுக்க வேண்டும், ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20, மற்றவை 230 என்பதால் குறியிடாததில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பதில் வந்த பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பேப்பரில் நாலு வரி வந்தால் அதை வெட்டி ஒட்டிவிட்டுச் சந்தோஷமாகப் போய்விடுகிறார்கள். எழுத்துப் பதிலின் நகலை எம்.எல்.ஏ. அலுவலகத்தில் வாங்கி, கேள்வி எண்ணையும் நாளையும் மேலே எழுதி வையுங்கள். அமைச்சர் அவையில் "மூன்று மாதத்தில் முடிப்போம்" என்று வாய் தவறிச் சொல்லியிருந்தால்கூட அது உறுதிமொழி. அதைக் கண்காணிக்கப் பேரவையிலேயே உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. மூன்று மாதம் முடிந்த மறுநாள், கேள்வி எண்ணையும் அமைச்சர் சொன்ன வாசகத்தையும் குறிப்பிட்டு அந்தக் குழுவின் தலைவருக்கு ஒரு கடிதம், நகல் துறைச் செயலருக்கு. பேரவைச் செயலகத் தபால் பிரிவில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் கடிதம் போன பத்தாவது நாள் தொட்டிக்கு ஒரு ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) வந்து தூணைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யார் சார் இங்கே லெட்டர் எழுதறது?" என்று கேட்டார்.