ஆம்ப் மாட்டும்போது கரண்ட் பிளக் கடைசியில்தான்

ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோனால் பல நேரம் குற்றம் பெட்டிக்குள் இருக்காது, பின்னால் தொங்கும் ஒயரில் இருக்கும். முடி கனத்தில் ஒரு செம்புக் கம்பி பக்கத்து முனையைத் தொட்டால் போதும், அவுட்புட் ஐசி போய்விடும். அதனால் எல்லா ஒயரையும் மாட்டி, ஒருமுறை சரிபார்த்த பிறகே கரண்ட் பிளக்கைச் செருகுங்கள். கழற்றும்போது முதலில் வெளியே வரவேண்டியதும் அதே பிளக்தான். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். சில பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் (கரண்ட் திரும்பும் ஒயரில்) போட்டிருப்பார்கள். அணைத்த பிறகும் பேஸ், அதாவது கரண்ட் வரும் ஒயர், உள்ளே உயிரோடு நிற்கும்.

முதலில் எர்த். மூன்று பின் பிளக்கில் நீளமாக, தடியாக இருக்கும் பின் அதுதான். லோக்கலில் அசெம்பிள் செய்த டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப் பலவற்றுக்கு இரண்டு பின் ஒயர்தான் போட்டுக் கொடுக்கிறார்கள். இரும்புப் பெட்டியைத் தொட்டால் ஜிவ்வென்று இழுப்பது இதனால்தான். மூன்று கோர் ஒயராக மாற்றி, பச்சை எர்த் ஒயரைப் பெயிண்ட் சுரண்டிய இடத்தில் போல்ட் போட்டுச் சேஸிஸோடு (இரும்புப் பெட்டியோடு) இறுக்கச் சொல்லுங்கள். ஆனால் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கும் கம்பெனி ஆம்ப் இரட்டைக் காப்புள்ளது. அதற்கு இரண்டு பின்னே சரி, எர்த்தை இழுத்து மாட்ட வேண்டாம்.

சுவரில் மூன்று ஓட்டை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று ஆகிவிடாது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற கடினப் பாறை. அங்கே குழி தோண்டினால் சில அடியிலேயே பாறை தட்டும் இடங்கள் உண்டு, அங்கே எர்த் பலவீனமாகத்தான் இருக்கும். சேலத்திலும் சித்திரை வெயிலில் மண் காய்ந்தால் இதே கதி. எலக்ட்ரீஷியனிடம் எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் வந்தால் நிம்மதி. கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று மெயின் போர்டில் இருக்கட்டும்.

அடுத்தது ஸ்பீக்கர். ஆம்ப் அதிகம் சாவது இங்கேதான். ஆம்ப் பின்னால் எழுதியிருக்கும் ஓம் அளவுக்குக் குறைவாக எதையும் மாட்டக்கூடாது. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பேரலலாக (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) போட்டால் 4 ஓம், சீரியஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) போட்டால் 16. கார் ஸ்பீக்கரை வாங்கி மரப்பெட்டியில் அடைத்து வீட்டில் ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டும்: கார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம். இரண்டைப் பேரலலாகப் போட்டால் 2 ஓம் ஆகிவிடும். சத்தம் கூடியதுபோல் இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஹீட் சிங்கில் (ஐசியின் சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகட்டில்) கை வைக்க முடியாது. குறி அழிந்த ஸ்பீக்கர் என்றால் மல்டிமீட்டரில் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் ஆறு, ஏழு காட்டும். 4 ஓம் மூன்று, மூன்றரை காட்டும். மீட்டர் குறைத்துக் காட்டுகிறது என்று பயப்பட வேண்டாம், அது அப்படித்தான்.

ஒயர் கனம் தூரத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் தூரம் என்றால் போக வர 20 மீட்டர். ஒன் ஸ்கொயர் (1 சதுர மி.மீ.) செம்பு ஒயரில் அது கிட்டத்தட்ட 0.35 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பரவாயில்லை. 4 ஓமுக்கு 2.5 ஸ்கொயர் போடுங்கள், 0.14 ஓமாகக் குறையும். அதற்கு மேல் கனமாக, பளபளப்பாக விற்கும் ஒயருக்குக் கொடுக்கும் காசை ஸ்பீக்கரில் போடலாம்.

முனையை 10 மி.மீ. மட்டும் உரித்து, இறுக்கி முறுக்கி, ஓட்டைக்கு வெளியே ஒரு இழைகூட நிற்காமல் மாட்டுங்கள். ஸ்பீக்கர் பக்கம் மாட்டியானதும் ஆம்ப் பக்க முனையில் மீட்டரை வையுங்கள். ஸ்பீக்கரின் ஓம் தெரிந்தால் சரி. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட், ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. பிளஸ் மைனஸ் குழப்பமா? 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கோன் வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். ஒரு பக்கம் மாறிவிட்டால் எதுவும் எரியாது, ஆனால் கீழ்த்தொனியான 'தும் தும்' சத்தம் காணாமல் போகும்.

டிபிஏ 3116, டிடிஏ 7297 போன்ற ஐசி போட்ட ஆம்ப் போர்டுகள் பிரிட்ஜ் வகை, ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் சிக்னல் வரும். இவற்றில் கருப்பு முனை கிரவுண்ட் அல்ல. ஒயர் மிச்சம் பிடிக்க இரண்டு பக்கக் கருப்பையும் ஒன்றாகச் சேர்த்தாலோ, சேஸிஸில் தொட்டாலோ போர்டு போய்விடலாம்.

டிவி, போன், செட்டாப் பாக்ஸ் எல்லாம் ஆக்ஸ் இன்புட்டுக்குப் போகும். ஆர்சிஏவில் (சிவப்பு, வெள்ளை வட்டப் பின் ஒயரில்) சிவப்பு வலது, வெள்ளை இடது. வேறொரு ஆம்பின் ஸ்பீக்கர் அவுட்டை இந்த ஆம்பின் ஆக்ஸில் செருகாதீர்கள், இன்புட் தாங்காது. ரெக்கார்ட் பிளேயர் தருவது சில மில்லிவோல்ட்தான். அதற்கு போனோ இன்புட்டோ தனி ப்ரீ ஆம்போ வேண்டும். டிவியில் ஆப்டிகல் (ஒளி வழியாகச் சத்தம் கடத்தும்) அவுட் இருந்து, ஆம்பில் ஆப்டிகல் இன்புட்டும் இருந்தால் அதையே போட்டு, டிவி செட்டிங்கில் பிசிஎம் என்று வையுங்கள்.

'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் உடனே எர்த் பின்னை வெட்டச் சொல்ல ஒருவர் வருவார். கேட்காதீர்கள். எர்த் இல்லாதபோது உள்ளே பேஸ் ஒயர் பெட்டியைத் தொட்டால் ஃபியூஸ் போகாது. ஆர்சிஏ ஒயரைத் தொடும் உங்கள் உடம்பு வழியாகத்தான் கரண்ட் இறங்கும். முதலில் செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் அந்த ஒயர் வேறிடத்து எர்த்தைக் கொண்டுவந்து லூப் போடுகிறது. எல்லாக் கருவிக்கும் ஒரே போர்டில் பிளக் கொடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஆப்டிகல், இல்லையென்றால் ஆடியோ ஐசொலேட்டர் (சத்தத்தை மட்டும் விட்டு எர்த் இணைப்பை அறுக்கும் சின்னக் கருவி). சேலத்தில் அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி போலத் தறி ஓடும் தெருக்களில் மோட்டார் போடும்போது 'டப்' என்று கேட்பது வேறு சங்கதி, அது லைனில் வருவது.

ரிப்பேர் செய்த அல்லது புதிதாக அசெம்பிள் செய்த டிரான்ஸ்ஃபார்மர் ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல், கரண்ட் லைனில் சீரியஸாக 100 வாட் குண்டு பல்பு போட்டு ஆன் செய்யச் சொல்லுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். பல்பு மங்கியதும் ஒவ்வொரு பக்க ஸ்பீக்கர் முனையிலும் டிசி அளவைப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் மாட்டலாம். வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கரைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள், காயில் கருகிவிடும்.

ஆன் செய்யும்போது வால்யூம் பூஜ்யத்தில், ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில். கரண்ட் போனால் அப்போதே ஆம்ப் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் ஆம்பை ஓட்ட வேண்டாம், உறுமும், சூடாகும். ஷோகேஸுக்குள் வைப்பதானால் மேலே 10 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

இடி வரும்போல் இருந்தால், முக்கியமாக மலை மேல் கோடை மழையிலும் ஐப்பசியிலும், பிளக்கோடு கேபிள் டிவி ஒயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த ஒயர் வழியாகவும் நுழையும், கரண்ட் பிளக்குக்குப் போடும் ஸ்பைக் பாக்ஸ் அதைத் தடுக்காது. ஆனால் இடிக்கத் தொடங்கிவிட்டால் ஒயரில் கை வைக்காதீர்கள், முன்கூட்டியே செய்துவிடுங்கள். ஏற்காட்டில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால், போனதும் ஆன் செய்யாமல் ஜன்னலைத் திறந்து, ஈரம் காய விடுங்கள். முனைகளில் பச்சை பிடித்திருந்தால் புதிதாக உரித்து மாட்டுங்கள். காற்று ஓட்டைக்குள் டார்ச் அடித்தும் பாருங்கள். கதகதப்புக்கு நுழைந்த பல்லி மெயின் முனையில் செத்துக் கிடக்கலாம்.