கெட்ட எண்ணம் வந்தாலே பாவமா? விசுவாசிகள் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

திருவிருந்து எடுக்கப் போகிற நேரத்தில் மனதில் ஓர் அசிங்கமான எண்ணம் வந்துவிடுகிறது. வந்தது ஒரு நொடிதான். ஆனால் அன்று முழுக்க, "நானெல்லாம் ஒரு விசுவாசியா?" என்ற கேள்வி விடாமல் துரத்துகிறது. எண்ணங்களைத் தேவனுக்கேற்றபடி நடத்த ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். எண்ணம் வந்ததையே பாவம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நாற்பது நாள் உபவாசத்துக்குப் பிறகு, கல்லுகளை அப்பமாக்கச் சொல்லும் யோசனை இயேசுவுக்கு முன்பாகவும் வைக்கப்பட்டது. அவர் எல்லாவிதத்திலும் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவர் என்று எபிரெயர் 4:15 சொல்கிறது. அப்படியானால் சோதனை வேறு, பாவம் வேறு. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியஸ், மனிதனை அலைக்கழிக்கும் எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்து எழுதினார். பெருந்தீனி, பண ஆசை, கோபம், துக்கம் எல்லாம் அதில் உண்டு. அவை வந்து தொல்லை கொடுப்பது நம் கையில் இல்லை, அவற்றைத் தங்கவிடுவதும் விடாததும்தான் நம் கையில் என்பது அவர் கண்டது. ஜெபத்திலேயே ஊறிப்போன துறவிகளுக்கே அந்த நிலைமை என்றால் நமக்கு எப்படி இருக்கும்!

சரி, வந்த எண்ணத்தை என்ன செய்வது? "இதை நினைக்கவே கூடாது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு விரட்டுவது அடுத்த தவறு. போய்விட்டதா என்று பார்ப்பதற்காகவே மனம் அதைத் திரும்பத் திரும்பத் தொடும். பவுல் சிறையிலிருந்து எழுதிய பிலிப்பியர் 4:8 வேறு வழி காட்டுகிறது. எவைகளைச் சிந்திக்க வேண்டும் என்று அடுக்கும்போது முதலில் அவர் வைப்பது உண்மையுள்ளவைகளை. இதை அன்றாடக் கவலையில் வைத்துப் பாருங்கள். "மேனேஜர் இன்று முகம் கொடுத்தே பேசவில்லை, வேலை போகப் போகிறது" என்று ராத்திரி தூக்கம் வராமல் புரளுகிறீர்கள். இதில் நடந்தது எது? அவர் பேசாதது மட்டும். வேலை போவது நாமாகச் சேர்த்துக்கொண்டது. நடந்ததையும் பயத்தையும் தனித்தனியாக எடுத்து, இரண்டையும் அப்படியே ஜெபத்தில் சொல்லுங்கள். அப்புறம் நாளைக்குச் செய்ய வேண்டிய ஒரு வேலையை யோசியுங்கள்.

வசனத்தைப் பாதியாகப் பிய்த்து எடுப்பதும் நம் சபைகளில் அதிகம். புத்தாண்டு ஆராதனையில் கையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டையில், நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் எரேமியா 29:11 இருந்தால், இந்த வருஷமே எல்லாம் மாறிவிடும் என்று மனதைத் தயார் செய்கிறோம். அது பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்குப் போன கடிதம். முந்தைய வசனத்திலேயே 70 வருஷம் என்று இருக்கிறது. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்றும் எழுதியிருக்கிறது. முழு அதிகாரத்தையும் வாசித்தவருக்கு டிசம்பரில் மனம் உடையாது.

எல்லாவற்றிலும் எனக்கு அதிக வருத்தம் தருவது, துக்கத்தை அவிசுவாசம் என்று சொல்லி வாயை அடைப்பது. 88ஆம் சங்கீதம் ஓர் ஆறுதல் வார்த்தைகூட இல்லாமல் முடிகிறது. அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள். "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டு, சூரைச்செடியின்கீழ் படுத்துவிட்ட தீர்க்கதரிசி எலியாவைத் தூதன் கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டுத் திரும்பத் தூங்கவும் விட்டான்.

அதனால் தூக்கம், சாப்பாடு, உடம்பு எல்லாம் சேர்ந்ததுதான் மனம். தேவதூஷணமான எண்ணங்கள் விரும்பாமலே ஓயாமல் வந்து, பாவ அறிக்கை செய்த பிறகும் நிம்மதியே இல்லாமல் மறுபடி மறுபடி செய்யத் தூண்டினால், அது சிகிச்சை உள்ள எண்ணச் சுழற்சி நோயாக (OCD) இருக்கலாம். வாழ்ந்தது போதும் என்ற நினைப்பு தங்கிவிட்டால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்ல வேண்டும். மனநல மருத்துவரைப் பார்ப்பதால் விசுவாசம் குறைந்துபோகாது. ஜெபித்தாயிற்று, மாத்திரையை நிறுத்து என்று யார் சொன்னாலும், சபை ஊழியரே சொன்னாலும், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மாத்திரை ஒரு பக்கம் நடக்கட்டும், நீங்கள் தொடர்ந்து ஜெபியுங்கள் என்று அப்படிச் சொல்பவரிடம் சொல்லலாம்.