ஒரு நாள், ஒரு பக்கம்: சொந்த நினைவை எழுதத் தொடங்குவது எப்படி?

வாழ்க்கையை எழுதிவைக்க வேண்டும் என்று உட்காருபவர்களில் பலர், பிறந்த ஊரில் தொடங்கி பள்ளிக்கூடத்தைத் தாண்டுவதற்குள் நிறுத்திவிடுகிறார்கள். எழுத வராததால் அல்ல, எடுத்துக்கொண்ட காலம் பெரிது என்பதால்தான். முதல் முயற்சிக்கு 400 முதல் 500 வார்த்தை போதும். அதற்குள் ஒரு நாளின் ஒரு பகுதிதான் அடங்கும். அதை நன்றாக எழுதினால், அந்தக் குடும்பமும் அந்தத் தெருவும் தானாகவே உள்ளே வந்துவிடும்.

1. நினைவைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு தாளில் பத்து வரி எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஓர் இடமும் ஒரு பொருளும் இருக்க வேண்டும்: தெருமுனை, தண்ணீர் லாரி, பச்சைக் குடம். மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டு, அறுந்த செருப்பு. பத்தில் எது ஒரே நாளுக்குள் தொடங்கி முடிகிறதோ, அதை எடுங்கள். "அப்பாவின் பாசம்" தேறாது. ப்ளஸ் டூ பரீட்சை அன்று காலை அப்பா பின்சீட்டில் உட்காரவைத்து அழைத்துப்போன அரைமணி நேரம் தேறும்.

மரணம், பிரிவு போன்ற ஆறாத விஷயங்களை முதல் மூன்று நான்கு கட்டுரைகளில் தொட வேண்டாம். அவை எழுதும் கையை இறுக்கிவிடும்.

2. எழுதுமுன் சொல்லிப் பாருங்கள்

போனில் ரெக்கார்டரைப் போட்டு, தெரிந்த ஒருவரிடம் சொல்வதுபோல ஐந்து நிமிடம் பேசுங்கள். பிறகு கேளுங்கள். எங்கே குரல் வேகமெடுக்கிறதோ, எதை இரண்டு தடவை சொல்கிறீர்களோ, கட்டுரையின் மையம் அங்கேதான். பேசித் தட்டச்சு செய்யும் வசதியையும் பயன்படுத்தலாம். ஆனால் நிறுத்தக்குறிகளைப் பெரும்பாலும் நீங்கள்தான் போட வேண்டியிருக்கும். ல, ள, ழ குழப்பத்தையும் வரிக்கு வரி சரிபாருங்கள்.

3. முதல் வரைவு

முப்பது நிமிடம் ஒதுக்கி, திருத்தாமல் எழுதுங்கள். பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

"2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. எல்லோரும் மிகவும் பயந்துபோனோம். அது என் வாழ்வில் மறக்க முடியாத நாள்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அன்று அடையாற்றங்கரையில் இருந்த எந்த வீட்டுக்கும் இதே மூன்று வரி பொருந்தும். அந்த வீட்டில் மட்டும் நடந்தது என்ன?

"தண்ணீர் வாசற்படியைத் தாண்டியதும் அம்மா முதலில் தூக்கியது அரிசி டிரம்மை. கட்டில்மேல் வைத்தார். கட்டில் கால் முழுகியதும் மேஜைமேல் ஏற்றினார். 'கேஸ் சிலிண்டர் மிதக்குதும்மா' என்றேன். 'மிதக்கட்டும், ரேஷன் கார்ட எடு' என்றார்."

பயம் என்ற சொல்லே இல்லை. ஆனாலும் பயம் தெரிகிறது. கட்டிலிலிருந்து மேஜைக்கு அரிசி நகர்வதிலேயே தண்ணீரின் உயரமும் தெரிந்துவிடுகிறது. உங்கள் வரைவில் "மிகவும்", "மறக்க முடியாத", "சொல்ல வார்த்தையில்லை" வரும் இடங்களையெல்லாம் கோடிட்டு, அங்கே கை என்ன செய்தது, யார் என்ன சொன்னார் என்று கேளுங்கள்.

4. தமிழில் கவனிக்க வேண்டியவை

"போனேன்" என்றாலே போனது யார் என்று தெரிந்துவிடும். வரிக்கு வரி "நான்" வந்தால் பாதியை அடித்துவிடலாம், பொருள் கெடாது. விவரிப்பு எழுத்துத் தமிழில், பேச்சு பேச்சுத் தமிழில் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த பாட்டியும் வியாசர்பாடியில் வளர்ந்த பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே மாதிரி பேசினால், இருவருமே வாசகர் மனதில் நிற்க மாட்டார்கள். பழைய பேச்சு அட்சரம் பிசகாமல் யாருக்கும் நினைவிருக்காது. சாரம் சரியாக இருந்து, அவர் பேசும் விதமும் பொருந்தினால் போதும். ஒரு பக்கத்துக்கு நீளும் வசனத்தை மட்டும் யாரும் நம்ப மாட்டார்கள்.

5. சரிபார்ப்பு

சென்னையில் பறக்கும் ரயில் 1995-இல்தான் ஓடத் தொடங்கியது. 1988-இல் நடக்கும் சம்பவத்தில் அது வந்தால், மற்றதையும் வாசகர் சந்தேகிப்பார். தேதி தெரியாவிட்டால் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்களைக் கேட்டுப் பாருங்கள். கூடப் பிறந்தவர்களிடமும் விசாரியுங்கள். அண்ணனின் நினைவு வேறாக இருந்தால் மறைக்க வேண்டாம். "அண்ணன் அது அடுத்த வருஷம் என்கிறான்" என்று ஒரு வரி சேர்த்தால் கட்டுரைக்கு நம்பகம்தான் கூடும்.

6. வெட்டுதல்

இரண்டு நாள் கழித்து வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக்குங்கள். முதல் பத்தி பெரும்பாலும் தொண்டையைச் செருமுவதுதான், அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். கடைசியில் "அன்றுதான் எனக்குப் புரிந்தது" என்று தொடங்கும் வரியையும் எடுத்துவிடுங்கள். சம்பவம் எங்கே முடிந்ததோ அங்கே நிறுத்தினால் போதும்.

7. மற்றவர்களின் பெயர்

இது உங்கள் நினைவுதான், ஆனால் இன்னொருவரின் வாழ்க்கையும் அதில் இருக்கிறது. கடன், நோய், குடிப்பழக்கம், காதல் இவற்றில் எது வந்தாலும், வெளியிடும் முன் சம்பந்தப்பட்டவரிடம் படித்துக் காட்டுங்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. தெரு, வேலை, உறவுமுறை மூன்றும் அப்படியே இருந்தால் சொந்தக்காரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தக் கட்டுரை நோட்டிலேயே இருக்கட்டும். பத்து வரிப் பட்டியலில் இன்னும் ஒன்பது பாக்கி இருக்கிறது.