புது வைரஸ் நம்ம ஹைப்போவுக்குக் கேட்குமா? பக்கெட்டில் கலக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வந்த செய்தி டிவியில் ஓடிக்கொண்டிருந்தபோது, எங்கள் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து கேட்டார்: "தம்பி, இது நம்ம ஹைப்போவுக்குக் கேட்குமா, இல்ல வேற மருந்து வாங்கணுமா?" ஹைப்போ என்றால் சோடியம் ஹைப்போகுளோரைட், தரை துடைக்கும் குளோரின் திரவம். நான் லேப் டெக்னீஷியன், எனக்குத் தெரியும் என்று அவர் நம்பினார். "கேட்கும்க்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன், உண்மை அதுதான். 2020-ல் கொரோனாவுக்கு அதே கேள்வி, 2022-ல் குரங்கம்மைக்கு மறுபடியும் அதே கேள்வி. மூன்று தடவையும் பதில் ஒன்றுதான்: கேட்கும், ஆனால் ஒழுங்காகக் கலந்தால். அந்த 'ஒழுங்காக' என்பதற்குள் என்னென்ன இருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சின்ன கிளினிக், ஹாஸ்டல், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள், எல்லோருக்கும் இது பொருந்தும். தராசும் அளவுக் குவளையும் இருந்தால் போதும்.

படி 1: வைரஸுக்குச் சட்டை இருக்கிறதா என்று பாருங்கள்

வைரஸ்களில் ஒரு கூட்டம் தன் மேல் கொழுப்பாலான ஓர் உறையைப் போர்த்தியிருக்கும், இன்னொரு கூட்டத்துக்கு அது கிடையாது, வெறும் புரத ஓடுதான். எண்ணெய்ப் பிசுக்கு பிடித்த தோசைக்கல்லில் சோப்பு போட்டதும் என்ன ஆகிறதோ அதுதான் உறை உள்ள வைரஸுக்கும் ஆகிறது. உறை கிழிந்தால் அதனால் செல்லுக்குள் நுழைய முடியாது, கதை முடிந்தது. எபோலா, மார்பர்க், நிபா, கொரோனா, இன்ஃப்ளூயன்ஸா, கிரிமியன் காங்கோ காய்ச்சல், குரங்கம்மை எல்லாமே சட்டை போட்ட ஆட்கள். ஆளைக் கொல்வதில் பயங்கரமான வைரஸ்கள் பல, உடம்புக்கு வெளியே வந்து ஸ்பிரிட் பட்டதும் சுருண்டுவிடுகிற ரகம்தான்.

போலியோ, நோரோ வைரஸ், ஹெபடைடிஸ் ஏ, குழந்தைகளுக்குக் கை கால் வாயில் கொப்புளம் வரவைக்கும் என்டிரோ வைரஸ்கள், இவையெல்லாம் சட்டையில்லாதவை, தோல் தடித்தவை. ஹாஸ்டலில் பத்துப் பேருக்கு ஒரே நாளில் வாந்தி பேதி என்றால் சானிடைசரை நம்பி உட்காராதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், தரைக்குக் குளோரின் வேண்டும்.

புதிதாக ஒரு வைரஸ் வந்த அன்றே அதன் மேல் எந்த மருந்தையும் யாரும் சோதித்திருக்க முடியாது. எபோலா, நிபா போன்றவற்றைக் கையாள உச்சப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும், புனேயில் இருக்கிற தேசிய வைராலஜி நிறுவனத்தில் இருப்பது மாதிரி. அதனால்தான் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016-லேயே ஓர் ஏற்பாடு செய்து வைத்தது: கஷ்டமான, சட்டையில்லாத வைரஸைக் கொல்லும் என்று ஒரு மருந்து ஏற்கனவே நிரூபித்திருந்தால், புதிதாக வந்த சட்டைக்கார வைரஸுக்கும் அதைப் பயன்படுத்தலாம் என்று சொல்ல அனுமதி. 2020 ஜனவரியில் கொரோனாவுக்காக அந்த ஏற்பாட்டைத்தான் எடுத்தார்கள். யானையைக் கட்டிய சங்கிலி ஆட்டுக்குட்டியைக் கட்டாதா என்கிற கணக்கு.

ஒரே ஒரு எச்சரிக்கை. சட்டை இருக்கிறது என்பதற்காகத் தானாகவே சீக்கிரம் செத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அம்மை வகை வைரஸ்கள் காய்ந்த பொருக்கில், துணியில் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

படி 2: எந்த மருந்து

இதை நீட்டவில்லை. கைக்கு, சின்னக் கருவிகளுக்கு ஆல்கஹால், 70% சுமாருக்கு. சுத்தமான 100% ஸ்பிரிட் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று பலரும் நினைக்கிறார்கள், கிடையாது. புரதம் உருக்குலைய கொஞ்சம் தண்ணீர் வேண்டும், அதோடு சுத்த ஸ்பிரிட் சட்டென்று ஆவியாகிப் போய்விடும். தரை, கழிவறை, ரத்தம் சிந்திய இடம் என்றால் குளோரின். பென்சால்கோனியம் குளோரைடு உள்ள தரை துடைக்கும் திரவங்கள் சட்டைக்கார வைரஸ்களுக்குப் பரவாயில்லை, மற்றவற்றுக்கு நம்ப வேண்டாம். தெருவில் கேனில் விற்கும் வெள்ளைப் பினாயில் வாசனைக்கு நல்லது. மஞ்சள் தண்ணீர், வேப்பிலைத் தண்ணீர் பற்றி என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம், வாசலில் தெளித்துக்கொள்ளுங்கள், வார்டில் வேண்டாம்.

லேபிளில் '99.9% கிருமிகளைக் கொல்லும்' என்று இருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். முதலில், அது பாக்டீரியாவா, வைரஸா. அப்புறம் அந்த எண்: 10 லட்சம் வைரஸ் இருந்த இடத்தில் 99.9% போனால் 1,000 மிச்சம் இருக்கும். ஐரோப்பியச் சோதனைகளில் வைரஸ் கொல்லி என்று பேர் வாங்க 99.99% குறைய வேண்டும், அதாவது 100 தான் மிஞ்சலாம்.

படி 3: கணக்கு

இங்கேதான் எல்லோரும் 'ஒரு மூடி ஊத்து' என்று முடித்துவிடுகிறார்கள். மூடி என்ன அளவு, கேனில் இருப்பது எத்தனை சதவீதம், ஒன்றும் தெரியாது.

உங்களுக்கு வேண்டியது மூன்று வலிமைதான். மேற்கு ஆப்பிரிக்காவில் கினி, லைபீரியா, சியரா லியோனில் 2014 முதல் 2016 வரை 11,000 பேருக்கு மேல் பலிவாங்கிய எபோலாவின்போது, வாசலுக்கு வாசல் குழாய் வைத்த வாளிகளில் கை கழுவ 0.05% குளோரின் வைத்திருந்தார்கள். ரத்தம், வாந்தி, பூட்ஸ், தரைக்கு 0.5%. அதோடு சாதாரணமாகத் தரை, மேசை துடைக்க 0.1%, இது கொரோனா காலத்தில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. கைக்கு சோப்போ சானிடைசரோ இருந்தால் குளோரின் தேவையே இல்லை, தோல் வெடித்துவிடும்.

திரவ ஹைப்போ வாங்கியிருந்தால்: கேனில் இருக்கும் சதவீதத்தை, வேண்டிய சதவீதத்தால் வகுத்து, அதில் ஒன்றைக் கழியுங்கள். வருவது எத்தனை பங்கு தண்ணீர் என்று. 5% கேனில் இருந்து 0.5% வேண்டுமா, 5 ÷ 0.5 = 10, ஒன்று போக 9. ஒரு பங்கு ஹைப்போவுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். 0.1% வேண்டுமென்றால் ஒன்றுக்கு 49, அதாவது 5 லிட்டர் பக்கெட்டுக்கு 100 மில்லி ஹைப்போ, மீதி 4.9 லிட்டர் தண்ணீர். கேன் 10% என்றால் அதே பக்கெட்டுக்கு 50 மில்லி போதும். அதனால் கேனைப் படிக்காமல் 'போன தடவை மாதிரியே ஊத்து' என்பது ஆகாது.

ப்ளீச்சிங் பவுடர் என்றால்: வேண்டிய சதவீதத்தைப் பவுடரில் உள்ள குளோரின் சதவீதத்தால் வகுத்து 1,000-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிராம் என்று வரும். 33% பவுடரில் 0.5% செய்ய லிட்டருக்கு 15 கிராம், 10 லிட்டருக்கு 150 கிராம். 0.1% என்றால் 10 லிட்டருக்கு 30 கிராம். கரண்டியால் அளக்காதீர்கள், சமையலறைத் தராசில் நிறுத்துங்கள்.

படி 4: கலப்பது

பிளாஸ்டிக் பக்கெட், தடித்த ரப்பர் கிளவுஸ், முடிந்தால் கண்ணாடி, ஜன்னல் திறந்திருக்கட்டும். தண்ணீர் முதலில், ஹைப்போ அப்புறம், தெறிக்காது. வெந்நீர் வேண்டாம், குளோரின் பறந்துவிடும். பவுடர் என்றால் கொஞ்சம் தண்ணீரில் இட்லி மாவு பதத்துக்குக் குழைத்துவிட்டு மிச்சத் தண்ணீரைச் சேர்த்துக் கலக்கி, அப்படியே விடுங்கள். சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்து நிற்பதை மட்டும் வேறு பக்கெட்டில் சாய்த்து எடுங்கள். அடிமண்டியோடு துடைத்தால் தரை வெள்ளை வெள்ளையாகக் கோலம் போட்டது மாதிரி ஆகிவிடும், அக்கா திட்டுவார்.

கழிவறை கழுவும் ஆசிடோடு இதைச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும், நெஞ்சைப் பிடித்துவிடும். அமோனியா உள்ள திரவத்தோடும் கூடாது, ஸ்பிரிட்டோடும் கூடாது. வாசனைக்கு என்று பினாயிலைக் கலக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

படி 5: முதலில் அழுக்கு, அப்புறம் மருந்து, அப்புறம் காத்திருப்பு

குளோரினுக்கு வைரஸ் எது, வாந்தி எது என்று தெரியாது. எதிரில் கிடைக்கும் கரிமப் பொருளோடெல்லாம் சண்டை போட்டுத் தீர்ந்துபோகும். கனடாவின் வின்னிபெக் ஆய்வகத்தில் எபோலா வைரஸை அழுக்கோடு சேர்த்து எஃகுத் தகட்டில் காயவைத்துச் சோதித்தார்கள். 0.05%, 0.1% ஹைப்போ பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, 0.5% ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டது. அதே வைரஸ், அதே குளோரின்.

அதனால் ரத்தமோ வாந்தியோ சிந்தினால் முதலில் பழைய துணியையோ டிஷ்யூவையோ போட்டு மூடி, அதன் மேல் 0.5% ஊற்றி, 10 நிமிஷம் விட்டு, வாரி எடுத்து, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, மறுபடி 0.5% போட்டுத் துடையுங்கள். சாதாரண மேசை, கைப்பிடிக்கு சோப்புத் தண்ணீரில் துடைத்தபின் 0.1%, குறைந்தது ஒரு நிமிஷம் ஈரம் நிற்க வேண்டும். அந்த ஈரம் நிற்பதுதான் விஷயம். பலர் மருந்தைத் துடைத்த கையோடு காய்ந்த துணியால் பளபளவென்று துடைத்துவிடுகிறார்கள். ஃபேனை அணைத்துவிட்டு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்று பாருங்கள், ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

படி 6: உண்மையிலேயே குளோரின் இருக்கிறதா

2020 கோடையில் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஹைப்போ கேன்களை மொட்டைமாடியில் அடுக்கியிருந்தார்கள், வெள்ளை ஊடுருவித் தெரியும் கேன், மே மாத வெயில். நானே கணக்குப் போட்டு, நானே அளந்து, 0.1% என்று பக்கெட்டில் எழுதியும் ஒட்டினேன். மூக்கில் ஏறவேண்டிய நெடி ஏறவில்லையே என்று சந்தேகப்பட்டு, குளோரின் இருந்தால் நிறம் மாறும் சோதனைப் பட்டையை வைத்துப் பார்த்தால் நிறம் லேசாகக்கூட மாறவில்லை. நாள் முழுக்கத் தண்ணீரால் துடைத்திருக்கிறோம்.

சோதிப்பது சுலபம். குடிதண்ணீர் குளோரின் பார்க்கும் பட்டைகள் பெரும்பாலும் 10 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 10 பங்கு) வரைதான் காட்டும். 0.1% என்பது 1,000 பிபிஎம். ஆகவே சிரிஞ்சில் 1 மில்லி கரைசல் எடுத்து 99 மில்லி நல்ல தண்ணீரில் விடுங்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் வேண்டாம், கணக்கு தப்பிவிடும். இப்போது பட்டை 10 காட்டினால் உங்கள் பக்கெட் சரி. ஐந்தோ மூன்றோ காட்டினால் கேன் பாதி செத்துவிட்டது.

கேன் இருட்டில், குளுமையில் இருக்கட்டும். பவுடர் கட்டிபட்டு, ஈரம் கோத்திருந்தால் அந்த மூட்டையை வார்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

படி 7: மனிதர்கள் மேல் அடிக்காதீர்கள்

2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள், சில விநாடி நடந்தால் சுத்தம் என்று. படம் பார்த்து ஊர் ஊராக வைத்தார்கள். அதே மாதம் 18-ம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் ஆட்கள் மேல் தெளிக்கக் கூடாது என்று அறிக்கை விட்டது. கண், தோல், நுரையீரல் எல்லாவற்றுக்கும் கேடு, உள்ளே இருக்கும் வைரஸை அது தொடவும் செய்யாது. தெருவில் லாரி வைத்து அடித்ததையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை, மண்ணும் தூசியும் அந்தக் குளோரினைத் தின்றுவிடும். அறைக்குள்கூட ஸ்பிரேயைவிடத் துணியால் துடைப்பதுதான் மேல். கொரோனா பெரும்பாலும் காற்றில் பரவுவது, அங்கே ஜன்னலைத் திறப்பது இந்தப் பக்கெட்டைவிட அதிக வேலை செய்யும்.

கடைசியாக, பக்கெட்டில் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி, எத்தனை சதவீதம், எத்தனை மணிக்குக் கலந்தது என்று எழுதி வையுங்கள். மறுநாள் காலை மிச்சம் இருந்தால் சாக்கடையில் ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். கட்டில் கம்பி, ஸ்டாண்டு மாதிரி இரும்பு எதையாவது ஹைப்போவால் துடைத்திருந்தால் நேரம் முடிந்ததும் வெறும் தண்ணீரில் ஒரு தடவை துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த மாதமே துரு பிடித்துவிடும், அதற்கும் நம்மைத்தான் கேட்பார்கள்.